கைமாறும் தோட்டா: ஆயுதச் சட்டத்தின் 45 நாள் வாசல்

ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்குத் துப்பாக்கித் தோட்டா விற்கலாமா? யாரிடம் கேட்டாலும் “அதெப்படி, பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களே” என்றுதான் பதில் வரும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, கடை உரிமம் இல்லாமல் யாரும் ஆயுதமோ தோட்டாவோ விற்கக் கூடாது என்று முதல் உட்பிரிவில் கதவை அடைக்கிறது. இரண்டாம் உட்பிரிவில் ஒரு சின்ன வாசலைத் திறந்து வைக்கிறது. தன் சொந்த உபயோகத்துக்காக முறைப்படி வைத்திருக்கும் தோட்டாவை, அதை வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள இன்னொருவருக்கு ஒருவர் விற்கலாம். அதற்குக் கடை உரிமம் தேவையில்லை. ஆனால் விற்கப்போவதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பிறகு 45 நாள் பொறுத்திருக்க வேண்டும்.

இந்த வாசல் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதன் வழியாகப் போவது அபூர்வம். அப்படியானால் ஊர்ப்புறத்தில் தோட்டா கைமாறுவதே இல்லையா? மாறுகிறது; வாசலைச் சுற்றிக்கொண்டு மாறுகிறது. அந்த இடைவெளியைப் பற்றியது இந்தக் கட்டுரை. அதற்குத் திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டானை மையமாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. ஆயுதச் சட்டமும் வனவிலங்குச் சட்டமும் ஒரே வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஊர் அது. துப்பாக்கியை மக்களிடமிருந்து பிடுங்கிய வரலாற்றின் முக்கியமான இரண்டு இடங்களுக்கு அருகிலும் அது இருக்கிறது. வடக்கே நெடுஞ்சாலையில் போனால் கயத்தாறு. ரயில் பாதையில் போனால் மணியாச்சி.

சட்டத்தின் வாசகம்

5(2) பிரிவை நிதானமாகப் படித்தால் நான்கு நிபந்தனைகள் தெரியும். முதலாவது, விற்பவரிடம் தோட்டா முறைப்படி வந்திருக்க வேண்டும். அவர் உரிமத்தின் கணக்கில் அது இருக்க வேண்டும். இரண்டாவது, அது அவருடைய சொந்த உபயோகத்துக்கானதாக இருக்க வேண்டும். வாங்கி விற்று லாபம் பார்ப்பவர் வியாபாரி. அவருக்கு இந்த வாசல் இல்லை. மூன்றாவது, வாங்குபவர் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும். நான்காவது, மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ, வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் குறிப்பிட்டு எழுத்து மூலம் தகவல் கொடுத்து, 45 நாளுக்குக் குறையாமல் கழிந்திருக்க வேண்டும். மாவட்ட மாஜிஸ்திரேட் என்பவர் நம் பேச்சுவழக்கில் கலெக்டர். கங்கைகொண்டான்காரர் என்றால் கொக்கிரகுளத்திலுள்ள கலெக்டர் அலுவலகத்துக்கோ ஊரிலுள்ள காவல் நிலையத்துக்கோ இந்தக் கடிதம் போக வேண்டும்.

தகுதியுள்ளவர் என்பது வெறுமனே கையில் ஏதோ ஒரு லைசென்ஸ் வைத்திருப்பவர் என்று பொருள்படாது. அவருடைய உரிமம் நடப்பில் இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமம் ஐந்தாண்டு செல்லும். அதற்கு முன் மூன்றாண்டு. எந்த ரகத் துப்பாக்கிக்கு உரிமம் இருக்கிறதோ அந்த ரகத் தோட்டாவைத்தான் அவர் வாங்கலாம். 12 போர் இரட்டைக்குழல் வைத்திருப்பவர் .32 ரிவால்வர் தோட்டாவைத் தொடக் கூடாது. எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணிக்கையும் உரிமத்திலேயே எழுதியிருக்கும். அந்த வரம்புக்குள் இடம் இருக்க வேண்டும். தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் பதிவாகி, தனி அடையாள எண்ணும் பெற்றிருக்க வேண்டும். ராணுவ ரகத் தோட்டாக்களின் கதை வேறு. தடை செய்யப்பட்ட வகையில் வருவதால், மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் அவற்றை விற்பதும் வாங்குவதும் வைத்திருப்பதுமே குற்றம். இந்த 45 நாள் வாசல் அவற்றுக்கு உதவாது.

‘விற்பனை’ என்றால் காசு கைமாற வேண்டும் என்று நினைத்துக்கொள்வது இன்னொரு தவறு. சட்டம் விற்பனையோடு ‘மாற்றிக்கொடுத்தல்’ என்பதையும் சேர்த்தே பேசுகிறது. வாடகைக்கு விடுவது, இரவல் கொடுப்பது, சும்மா கொடுப்பது, கையை விட்டு இன்னொருவர் வசம் ஒப்படைப்பது எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்று விளக்கப் பிரிவு சொல்கிறது. “அண்ணாச்சி, பன்னி தொல்லை தாங்க முடியல, ரெண்டு தோட்டா இருந்தா தாங்க” என்று பக்கத்துத் தோட்டக்காரர் கேட்க, “எடுத்துக்கிட்டுப் போடே” என்று இவர் எடுத்துக் கொடுத்தால், சட்டத்தின் கண்ணில் அது கைமாற்றம்தான். இருவரிடமும் உரிமம் இருந்தாலும், கடிதமும் 45 நாளும் இல்லாவிட்டால் அது 5ஆம் பிரிவை மீறிய செயல்.

மீறினால் என்ன ஆகும்? 5ஆம் பிரிவுக்கு மாறாகத் தோட்டா விற்பவருக்கும் மாற்றிக்கொடுப்பவருக்கும் முன்பு மூன்று முதல் ஏழாண்டு வரை சிறை. 2019 திருத்தம் அதைக் குறைந்தது ஏழாண்டு, அதிகபட்சம் ஆயுள் என்று உயர்த்திவிட்டது. கள்ளத் துப்பாக்கித் தொழிற்சாலை நடத்துபவனைக் குறிவைத்த திருத்தம் அது. ஆனால் பிரிவின் வாசகம், தொழிற்சாலைக்காரனையும் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு தோட்டா கொடுத்தவரையும் ஒரே வரியில் நிறுத்துகிறது. ஒரே செயல், ஒரு கடிதம் கொடுத்துக் காத்திருந்தால் முழுக்கச் சட்டப்படியானது. கொடுக்காவிட்டால் ஏழாண்டு சிறைக்கு வழிவகுப்பது. ஒரு தாளுக்கு இவ்வளவு எடை.

எண் இல்லாத பொருள்

கடிதத்துக்கு ஏன் இவ்வளவு எடை என்பது தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்தால் விளங்கும். ஊர்ப்புறத்தில் அதிகம் புழங்குவது 12 போர் தோட்டா. 12 என்பது ஒரு பழைய அளவு. குழலின் வாய்க்குச் சரியாக உருட்டிய ஈயக் குண்டுகளில் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும். அதனால் அந்தப் பெயர். தோட்டாவின் அடியில் பித்தளை நிறத் தொப்பி. அதன் நடுவே சுத்தியல் வந்து தட்டும் கேப். அதற்கு மேல் மருந்து, மருந்துக்கு மேல் தக்கை, தக்கைக்கு மேல் ஈய ரவை. முன்பு அட்டைக் கூடு. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். நம் நாட்டில் உரிமக்காரர்களிடம் நெடுங்காலமாக இருப்பது புனே அருகே கட்கியிலுள்ள வெடிபொருள் ஆலையின் தோட்டா. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது அந்த ஆலை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது.

பித்தளை அடியில் தயாரித்தவரின் முத்திரையும் ரகமும் இருக்கும். இல்லாதது ஒன்றுதான்: அந்தத் தோட்டாவுக்கென்று தனி எண். துப்பாக்கியின் உடலில் எண் வெட்டியிருக்கிறது. உரிமத்தில் அதே எண் ஏறியிருக்கிறது. களவு போனாலும் கைமாறினாலும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடலாம். தோட்டா அப்படியல்ல. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு தோட்டாக்களில் இது யாருடையது, அது யாருடையது என்று சொல்ல அதன் மேல் எந்த அடையாளமும் கிடையாது. அது எங்கே இருக்கிறது என்பதற்கு இருக்கும் சாட்சி மூன்று: கடைக்காரர் பதிவேடு, உரிமத்தில் எழுதும் வரி, கைமாற்றக் கடிதம். துப்பாக்கியை இரும்பில் வெட்டிய எண்ணால் கண்காணிக்கும் அரசு, தோட்டாவைக் காகிதத்தால் மட்டுமே கண்காணிக்க முடிகிறது. காகிதம் விட்டுப்போன இடத்தில் தோட்டா கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது.

தோட்டா என்பது முழுத் தோட்டா மட்டுமில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சட்டத்தின் விளக்கத்தில் துப்பாக்கிக்குப் போடும் மருந்து, அதற்கான துணைப்பொருள், தோட்டாவின் பகுதிகள், அதைச் செய்யும் கருவி வரை அடங்கும். காலிக் கூட்டில் மருந்தும் ரவையும் மறுபடி நிரப்பி அடுத்தவருக்குக் கொடுப்பவர் தன் தோட்டாவை விற்கவில்லை. தோட்டா தயாரித்து விற்கிறார். அது வேறு உரிமம் வேண்டிய தொழில்.

1801 முதல் 1878 வரை

திருநெல்வேலிச் சீமையில் மருந்தும் குண்டும் யார் கையில் இருக்கலாம் என்ற கேள்வி பழையது. 1783இல் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது, துப்பாக்கிகளோடும் வெடிமருந்தோடும் கொழும்பு டச்சுக்காரர்களுக்கும் கட்டபொம்மு நாயக்கருக்கும் இடையிலான ஒப்பந்தப் பத்திரமும் கிடைத்தது. தூத்துக்குடியில் டச்சுக்காரர் இருந்தவரை கடற்கரை வழியாகப் படைக்கலம் உள்ளே வர வழி இருந்தது. கும்பெனிக்கு அதுவே தலைவலி.

1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பிப் போரிட்டார். அந்தக் கோட்டை மே மாதம் வீழ்ந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும், இனி பாளையக்காரரும் அவர்களது ஆட்களும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். போரில் தோற்றவரிடமிருந்து ஆயுதத்தைப் பறித்த கட்டளை அது. நாடு முழுவதற்குமான சட்டமாக அது மாற இன்னும் 77 ஆண்டு ஆனது.

1857 கிளர்ச்சிக்குப் பின் வந்த இடைக்காலச் சட்டங்களைத் தொடர்ந்து, லிட்டன் பிரபு காலத்தில் 1878ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. அதன் மேல் இன்றைக்கும் நாம் வைக்கும் குற்றச்சாட்டு, அது இந்தியரை நிராயுதபாணி ஆக்கியது என்பது. உண்மைதான். ஆனால் அந்தச் சட்டத்திலும் தனி ஆள் விற்பனைக்கு வாசல் இருந்தது. தன் சொந்த உபயோகத்துக்கு முறைப்படி வைத்திருக்கும் ஆயுதத்தையோ தோட்டாவையோ, தடையில்லாத இன்னொருவருக்கு விற்கலாம் என்று அதன் 5ஆம் பிரிவு சொன்னது. விற்ற பிறகு, தாமதிக்காமல் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ காவல் நிலையத்துக்கோ வாங்கியவர் பெயர், முகவரியோடு தகவல் கொடுக்க வேண்டும். இன்றைய 5(2) பிரிவின் மூலம் அங்கேதான் இருக்கிறது. பிரிவின் எண்கூட மாறவில்லை.

அந்தப் பழைய பிரிவின் வாலில்தான் விஷயம் இருந்தது. சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றவருக்கு விற்றால், அந்தத் தகவலும் தேவையில்லை. விலக்குப் பெற்றவர்கள் யார்? ஐரோப்பியர் அந்தப் பட்டியலில் இருந்தனர். ஆக, வெள்ளைக்காரத் துரைக்குத் தோட்டா விற்றால் காகிதம் வேண்டாம்; திருநெல்வேலி விவசாயிக்கு விற்றால் வேண்டும். 1887 டிசம்பரில் சென்னையில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரசின் மூன்றாம் மாநாட்டில் ஆயுதச் சட்டத்தை மாற்றக் கோரித் தீர்மானம் வந்தது. பிபின் சந்திர பால் அதற்காக முழங்கினார். காட்டு விலங்கிடமிருந்து பயிரையும் உயிரையும் காத்துக்கொள்ள விவசாயிக்கு வழியில்லை என்பது அந்நாளில் தலைவர்கள் ஓயாமல் எடுத்துச் சொன்ன வாதங்களில் ஒன்று. கங்கைகொண்டான் பக்கம் இன்றும் ஓயாத பேச்சு அது.

மணியாச்சி காட்டியது

1911 ஜூன் 17 அன்று காலை கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ் தம் மனைவியோடு திருநெல்வேலியில் ரயில் ஏறினார். தாழையூத்து, கங்கைகொண்டான் வழியே மணியாச்சிக்குப் போகும் பாதை அது. மணியாச்சியில் இணைப்பு ரயிலுக்காக வண்டி நின்றிருந்தபோது வாஞ்சிநாதன் முதல் வகுப்புப் பெட்டியில் ஏறி ஆஷைச் சுட்டார். பிறகு தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி. பயிற்சி பெற்றது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில்.

இந்தச் சம்பவத்தைத் தியாக வரலாறாகச் சொல்வது ஒரு வழி. ஆயுதச் சட்டத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 33 ஆண்டுகளாக நடப்பில் இருந்த சட்டம், உரிமம் கேட்டு வரிசையில் நின்ற மிராசுதாரையும் குடியானவரையும் எழுதிக் குறித்து வைத்துக்கொண்டிருந்தது. எல்லை தாண்டி வந்த ஒரு துப்பாக்கியும் அதன் தோட்டாவும் அதன் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. காகிதத்துக்குக் கட்டுப்படுகிறவரைத்தான் காகிதம் கட்டுப்படுத்தும். இது இன்றைய சட்டத்துக்கும் பொருந்தும். ஆனால் இதை வைத்துக்கொண்டு காகிதமே வீண் என்று முடிவு கட்டுவது தவறு. முறையாக வாங்கிய தோட்டா முறைகேடான கைக்குப் போகும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் காவல் இருப்பது இந்தக் காகிதம் மட்டுமே.

முன்பா, பின்பா

1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதை அரசியல் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார், அம்பேத்கர் ஏற்கவில்லை. சுதந்திர இந்தியா ஆயுதத்தை உரிமையாக வைக்காமல், உரிமத்தின் கீழ் வைத்தது. 1959இல் நிறைவேறிய புதிய சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

தனி ஆள் விற்பனை வாசலை அது மூடவில்லை. நிலையைத் தள்ளி வைத்தது. 1878இல் விற்றுவிட்டுச் சொன்னால் போதும். இப்போது சொல்லிவிட்டு, காத்திருந்து, பிறகே விற்க வேண்டும். இந்த ஒரு மாற்றம் பெரியது. விற்ற பின் வரும் தகவல் வரலாறு. விற்கும் முன் வரும் தகவல் எச்சரிக்கை. வாங்குபவர் மேல் வழக்கு இருக்கிறதா, உரிமம் ரத்தாகியிருக்கிறதா, அந்தப் பெயரில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பார்க்க அரசுக்கு 45 நாள் கிடைக்கிறது. இனத்தைப் பார்த்து விலக்குக் கொடுத்த பழைய வால் போய், உரிமம் ஒன்றே அளவுகோல் ஆனதும் நல்ல மாற்றம்.

பார்க்க வேண்டிய பொறுப்பு அரசோடு நிற்கவில்லை. எதிராளிக்குத் தோட்டா வைத்திருக்கத் தகுதி உண்டா என்று உறுதிசெய்துகொள்ளாமல் அவர் வசம் கொடுப்பவருக்கு 29ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. விற்கும் தகுதி இல்லாதவர் என்று தெரிந்தே வாங்குபவருக்கும் அதே தண்டனை. “அவர்கிட்ட லைசென்ஸ் இருக்குன்னு நெனச்சேன்” என்பது எடுபடாது. உரிமத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

சட்டம் சில இடங்களில் இறங்கியும் வந்திருக்கிறது. உரிமக்காரர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தால், துப்பாக்கி பழுதுபார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ உரிமம் இல்லாத மகன்கூடத் துப்பாக்கியையும் தோட்டாவையும் எடுத்துச் செல்லலாம். விமான நிலையச் சோதனையில் பையின் மூலையில் கிடந்த ஒற்றைத் தோட்டா பிடிபட்டுப் பதிவான பல வழக்குகளை, அது தன்னிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது என்ற அடிப்படையில் உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. தன்னிடம் இருப்பதை அறிந்து வைத்திருப்பதே குற்றமாகும் என்று 1972இல் குன்வந்த்லால் வழக்கிலும், 1994இல் சஞ்சய் தத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பலன் அது. ஆனால் கைமாற்றத்துக்கு இந்தச் சலுகை உதவாது. அறியாமல் வைத்திருக்கலாம், அறியாமல் விற்க முடியாது.

பத்து கிலோமீட்டர் வட்டம்

இனிக் கங்கைகொண்டானுக்கு வருவோம். சிற்றாற்றங்கரை ஊர். ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை, ஒரு பக்கம் நான்குவழிச் சாலை, இடையே முள்காடு. அந்தக் காட்டில் வாழும் புள்ளிமான்களுக்காக 2013இல் 288.40 ஹெக்டேர் பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத சின்னச் சரணாலயம். ஆனால் ஆயுத உரிமத்தின் மேல் அதன் நிழல் நீளமானது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, ஒரு பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மூன்று மாதத்துக்குள், அதன் உள்ளேயோ அதைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள்ளேயோ குடியிருக்கும் ஆயுத உரிமக்காரர் ஒவ்வொருவரும் தம் பெயரை வனத்துறையிடம் பதிந்துகொள்ள வேண்டும். அந்த வட்டத்துக்குள் புதிய ஆயுத உரிமம் கொடுக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். கங்கைகொண்டானில் காம்பஸை ஊன்றி வட்டம் போட்டால் தாழையூத்து உட்பட எத்தனையோ ஊர்கள் அதற்குள் விழும். 2013க்கு முன் இவர்கள் ஆயுதச் சட்டம் ஒன்றுக்கு மட்டும் பதில் சொன்னார்கள்; அதற்குப் பின் இரண்டுக்கு.

தோட்டாவுக்கு இதில் தனிப் பொருத்தம் உண்டு. வனவிலங்குச் சட்டம் ‘ஆயுதம்’ என்று சொல்லும்போது, துப்பாக்கியோடு தோட்டாவையும் வெடிபொருளையும் கண்ணியையும் வலையையும் சேர்த்தே சொல்கிறது. அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்பது 31ஆம் பிரிவு. துப்பாக்கி வீட்டில் இருக்க, சட்டைப் பையில் நான்கு தோட்டாவோடு காட்டுக்குள் நடந்தாலும் அது மீறல்தான்.

விவசாயியின் நிலை இதில் இக்கட்டானது. பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியோ, அது போதாது என்று உரிம அதிகாரி கருதினால் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கியோ கொடுக்கலாம் என்று ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தத் துப்பாக்கியால் எதைச் சுடுவது? மானைத் தொடக் கூடாது. மயில் முதல் அட்டவணைப் பறவை. காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அனுமதி இல்லாமல் சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுட வழி செய்ததே தவிர, விவசாயி கையில் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. பயிர்க்காவல் துப்பாக்கி இன்றைக்கு வானத்தைப் பார்த்துச் சத்தம் எழுப்பும் கருவி.

உரிமம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் சுடுவதற்கில்லை என்றானபின் சிலர் பன்றிக்கு அவுட்டுக்காய் வைக்கிறார்கள். பழத்துக்குள்ளோ தீனிக்குள்ளோ நாட்டு வெடியைப் பொதிந்து வரப்பில் போட்டுவிடுவது. கடித்த வாய் சிதறும்; அது பன்றியின் வாயாகவும் இருக்கும், மேய்ச்சலுக்குப் போன மாட்டின் வாயாகவும் இருக்கும். எந்த உரிமத்திலும் ஏறாத, எந்தக் கடிதத்திலும் வராத வெடிமருந்து இப்படித்தான் வயல்வெளியில் கைமாறுகிறது. முறையான தோட்டாவைச் சுற்றிச் சட்டம் அடுக்கடுக்காக வேலி போட்டிருக்கிறது. முறையற்ற மருந்து அந்த வேலியின் பக்கமே வருவதில்லை.

பெரியவர் இறந்த பிறகு

தோட்டா கைமாற்றத்தில் நடைமுறைச் சிக்கல் அதிகம் எழுவது விற்பனையில் அல்ல, சாவில். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நாற்பது ஆண்டு உரிமம் வைத்திருந்த பெரியவர் இறந்துவிடுகிறார். காரியமெல்லாம் முடிந்து பீரோவைத் திறந்தால் இரட்டைக்குழல் துப்பாக்கியும் ஒரு டஜன் தோட்டாவும் இருக்கின்றன. மூத்தவர் சென்னையில், இளையவர் வளைகுடாவில். துப்பாக்கியை யாரும் மறக்கமாட்டார்கள். அதற்கு எண் இருக்கிறது, தேர்தல்தோறும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிய வழக்கமும் இருக்கிறது. தோட்டாவைத்தான் “அது கிடக்கட்டும்” என்று விட்டுவிடுவார்கள். இல்லையேல் கேட்ட உறவினருக்குக் கொடுப்பார்கள். அதுவும் இல்லையேல் கிணற்றில் போடுவார்கள்.

சட்டம் இதற்கு நேரான வழி வைத்திருக்கிறது. 21ஆம் பிரிவுப்படி, வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போன நிமிடத்திலிருந்து, வீண் தாமதம் இல்லாமல் துப்பாக்கியையும் தோட்டாவையும் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததால் உரிமை போய்விடாது. விதிகள் குறிக்கும் காலத்துக்குள், வாரிசு தனக்கு உரிமம் பெற்றுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அல்லது தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்கலாம், விற்க அதிகாரம் கொடுக்கலாம். காலம் கடந்தால் அரசு பறிமுதல் செய்யும். உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடவும் வழி உண்டு. 70 வயதான உரிமக்காரரோ, 25 ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தவரோ தம் சட்டப்படியான வாரிசுக்கு உரிமம் மாற்றக் கேட்கலாம் என்று 2016 ஆயுத விதிகளின் 25ஆம் விதி சொல்கிறது.

பழந்தோட்டாவுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. நம் ஊர் வெயிலும் ஈரமும் பட்டு அட்டைக் கூடு உப்பும், மருந்து கெடும், கேப் பச்சை பிடிக்கும். அப்படிப்பட்ட தோட்டா வெடிக்காமல் போகலாம், தாமதித்து வெடிக்கலாம், குழலுக்கே சேதம் விளைவிக்கலாம். விலை பேசி விற்கக்கூடிய பொருளாக அதை நினைப்பதே பிழை. முப்பது ஆண்டு பீரோவில் கிடந்த தோட்டாவுக்கு உரிய இடம் காவல் நிலையம், சந்தை அல்ல.

வெளியே ஒரு பார்வை

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? அமெரிக்கா ஒரு முனை. 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தோட்டா விற்பனைக்கும் பதிவேடு கேட்டது. அஞ்சல் வழி விற்பனையைத் தடுத்தது. 1986இல் வந்த சட்டம் பெரும்பாலும் அதைக் கழற்றிவிட்டது. இன்று மத்தியச் சட்டப்படி தோட்டா விற்க உரிமம் தேவையில்லை. குற்றத் தண்டனை பெற்றவர் போன்ற தடை செய்யப்பட்டவருக்குத் தெரிந்தே விற்கக் கூடாது. கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சிறாருக்குக் கொடுக்கக் கூடாது. மற்றபடி இரு தனி ஆட்கள் பேசி முடித்துக்கொள்ளலாம். ஆனால் கலிபோர்னியா 2016 வாக்கெடுப்புக்குப் பின், 2019 ஜூலை முதல் தனி ஆள் விற்பனையும் உரிமம் பெற்ற கடை வழியாக, பின்னணிச் சோதனையோடு நடக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டம் நீதிமன்றங்களில் தொடர்ந்து சவாலுக்கு உள்ளாகிவருகிறது.

பிரிட்டன் நடுவழி. ஷாட்கன் தோட்டாவை வாங்குபவர் தம் சான்றிதழைக் காட்டினால் போதும். காட்டாதவருக்கு விற்பது 1988 திருத்தச் சட்டப்படி குற்றம். காத்திருப்பு இல்லை. கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும் பொறுப்பு விற்பவருடையது.

இந்தியா இந்த இரண்டிலும் இல்லாத ஒன்றை வைத்திருக்கிறது: தனி ஆள் விற்பனைக்கு அனுமதி, ஆனால் முன் தகவலும் காத்திருப்பும். காகிதத்தில் பார்த்தால் மூன்றிலும் நிதானமான ஏற்பாடு இதுவே. அமெரிக்கா போலக் கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. தனி ஆள் கைமாற்றத்தை அடியோடு தடை செய்து மறைவுக்குத் தள்ளவும் இல்லை.

செய்ய வேண்டியது

ஏற்பாடு நல்லது என்றால் யாரும் பயன்படுத்தாதது ஏன்? கடிதம் கொடுப்பவருக்குப் பதில் என்ன வரும் என்று பிரிவு சொல்லவில்லை. 45 நாள் கழிந்தால் விற்கலாம் என்கிறது. அதற்குள் அதிகாரி பார்த்தாரா, ஆட்சேபம் உண்டா, விற்ற பிறகு இரு உரிமத்திலும் கணக்கு ஏறியதா என்பதை இணைக்கும் கண்ணி தளர்ந்து கிடக்கிறது. பத்துத் தோட்டாவுக்காகக் கலெக்டர் அலுவலகப் படியேற யாருக்கும் மனம் வராது. கடையில் புதுத் தோட்டா வாங்குவது சுலபம். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சும்மா கொடுத்துவிடுவது அதைவிடச் சுலபம். கடினமான நேர்வழியும் சுலபமான குறுக்குவழியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மனிதர் எதில் போவார் என்று சொல்லத் தேவையில்லை.

இதைச் சரிசெய்யப் புதுச் சட்டம் வேண்டாம். உரிமங்கள் ஏற்கெனவே தேசியத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. கைமாற்றத் தகவலையும் அதிலேயே கொடுத்து, அடையாள எண்ணால் வாங்குபவரைச் சரிபார்த்து, 45ஆம் நாள் முடிவில் இரு உரிமத்திலும் தோட்டாக் கணக்கு தானே ஏறும்படி செய்துவிடலாம். உரிமக்காரர் இறப்பு பதிவானதும் அந்தத் தகவல் காவல் நிலையத்துக்குப் போய், வாரிசுக்கு ஒரு தாக்கீது வந்தால் பீரோத் தோட்டாக்கள் வெளியே வரும். இரண்டு தோட்டா கொடுத்த கிராமத்தாரையும் கள்ள ஆயுத வியாபாரியையும் ஒரே ஏழாண்டுத் தராசில் நிறுத்துவதை நாடாளுமன்றம் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறிய தண்டனை எச்சரிக்கையாக வேலை செய்வதில்லை. வழக்குப் பதியவே தயங்க வைக்கிறது.

அதுவரை, வீட்டில் உரிமத் துப்பாக்கி இருப்பவர்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான். தோட்டாக்களை எண்ணி, உரிமத்திலுள்ள கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யாருக்கும் சும்மாகூடக் கொடுக்காதீர்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்றால், வாங்குபவரின் உரிமத்தைப் பார்த்து, கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு நகல் வாங்கி, 45 நாள் பொறுங்கள். உரிமக்காரர் இறந்துவிட்டால், முதலில் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லிவிட்டு, பட்டியல் எழுதி, துப்பாக்கியோடு தோட்டாவையும் ஒப்படையுங்கள். ரசீதில் துப்பாக்கி எண்ணோடு தோட்டாவின் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.